இம்பீரியலுக்கு ஒன்றும் ஆகவில்லை

டைப்ரைட்டரை வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது. ரப்பர் உருளை இறுகிக் கல்லாகிவிடும். இது தெரிந்தவர்கள் மலாக்காவில் எங்கள் காஜா பெராங்கில் இரண்டே பேர். ஒருவன் நான், இன்னொருத்தி சுந்தரி. அவளுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

என் பெயர் தம்பிராஜா. ரப்பர் ஏற்றுமதி செய்யும் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. காஜா பெராங் என்றால் மலாய் மொழியில் சினங்கொண்ட யானை என்று பொருள். யானை பெயர் கொண்ட இடத்தில் இத்தனை வருஷம் குடியிருந்தும் நான் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. ஆபீஸில் என்னைச் சாது என்பார்கள். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்களே என்று நீங்கள் கேட்கலாம். நான் மிரளவும் இல்லை. எல்லாவற்றையும் நிதானமாகத்தான் செய்தேன்.

மலாயாவுக்கு அடுத்த வருஷம் சுதந்திரம் என்று பண்டார் ஹிலிர் திடலில் அறிவித்ததும் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். ஊரார் விடுதலைக்குக் காத்திருந்தார்கள். நான் துரைமார் விட்டுப்போகும் டைப்ரைட்டர்களுக்குக் காத்திருந்தேன். ஏற்கெனவே இருந்தவற்றோடு சேர்த்து மொத்தம் ஏழு ஆயின. ஏழிலும் ராணி இம்பீரியல். நாடே ஏகாதிபத்தியத்தை வழியனுப்பத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது, நான் இம்பீரியலுக்கு வெல்வெட்டில் உறை தைக்கக் கொடுத்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு டைப் அடிக்க வராது. கோழி அரிசி பொறுக்குவதுபோல ஒற்றை விரலால் பொறுக்குவேன். இளவயதில் மூன்று முறை பரீட்சைக்குப் போய் மூன்று முறையும் தோற்றேன். எந்த விரல் எந்த எழுத்துக்குப் போக வேண்டும் என்று தலைக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. நீந்தத் தெரியாதவன் ஏழு தோணி வாங்கி வைத்த கதைதான்.

சுந்தரியின் முழுப்பெயர் சிவகாமசுந்தரி. என் மனைவி பாக்கியலட்சுமியின் தங்கை மகள். தாய் இல்லை. தகப்பன் ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர். படிக்க எங்கள் வீட்டுக்கு வந்தவள் படிப்பு முடிந்தும் எங்களோடு இருந்தாள். மாடியில் இருந்த ஒரே உபரி அறையில் மெஷின்கள் இருந்தன. அவள் வெளியே நடையில் பாய் விரித்துப் படுப்பாள். இதில் எனக்கு உறுத்தல் எதுவும் இருந்ததில்லை. ஈரக்காற்று பட்டால் பெண் துருப்பிடிக்க மாட்டாள்.

முதலில் தூசி தட்டத்தான் விட்டேன். பிறகு, அறிவைக் காட்டும் ஆசை யாரை விட்டது, விரல் வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். ஆறு மாதத்தில் அவள் கையில் இம்பீரியல் மழை பெய்தது. என் கையில் திக்கித் திணறிய அதே மெஷின். நான் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பெருமையாக இருந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். பெருமை இல்லை. வயிறு எரிந்தது.

கோலாலம்பூரில் புது அரசாங்கத்துக்கு டைப்பிஸ்டுகள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. மலாக்காவிலேயே பரீட்சை, மெஷினை அவரவரே கொண்டுவர வேண்டும். சுந்தரி என்னிடம்தான் முதலில் சொன்னாள்.

“பாஸாயிட்டா அப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன் பெரியப்பா. அப்புறம் அவரு கத்தி புடிக்க வேணாம்.”

நல்ல எண்ணம் என்று மெச்சினேன்.

அதே வாரம் பாக்கியலட்சுமி தீர்ப்புச் சொன்னாள். ஏழில் மூன்றை வைத்துக்கொள்ள வேண்டும், மற்றவை வெளியே போக வேண்டும், பிள்ளை இனி அறைக்குள் படுக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்டது சொற்பம். அதனால் ஒப்புக்கொண்டேன்.

மூன்றைத் தேர்ந்தெடுப்பது லேசுப்பட்ட வேலையா? பெற்ற பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியதுபோல நின்றன. எனக்குப் பிள்ளை இல்லை என்பதால் இந்த உவமையைத் தாராளமாகச் சொல்ல முடிகிறது. பழைய ரெமிங்டனை அதன் கிழட்டுக் கம்பீரத்துக்காக வைத்துக்கொண்டேன். கையடக்கமான ஜெர்மன் மெஷினை அதன் மெல்லிய குரலுக்காக. மூன்றாவது எது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, இம்பீரியல்தான். அப்போதுதான் பாக்கியலட்சுமி சொன்னாள்.

“இம்பீரியல சுந்தரிக்குக் குடுத்துடுங்க. பரீட்சைக்கும் ஆச்சு, கோலாலம்பூர் போனாலும் ஆச்சு. அவ கைக்கு அதுதான் பழகியிருக்கு. நீங்க வேற ஒன்னு வெச்சுக்குங்க.”

சரி என்றேன். சுந்தரி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவள் குனிந்திருந்தபோது நான் மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சை நாள் காலையில் வாசலில் திரிஷா, எங்கள் ஊர் சைக்கிள் ரிக்‌ஷா, வந்து நின்றது. இம்பீரியலின் உருளைப் பகுதி ஆடாதபடி பூட்டினேன், உறையைப் போட்டேன், மேலே பழைய போர்வை ஒன்றைச் சுற்றினேன். திரிஷாக்காரரைக் கூப்பிடட்டுமா என்று சுந்தரி கேட்டாள். வேண்டாம், பழகாத கை என்றேன். எங்கள் வீட்டு மாடிப்படி செங்குத்தானது. அவள் கீழ்ப்பக்கம் பிடித்துப் பின்னோக்கி இறங்கினாள். நான் மேல்பக்கம் பிடித்துக்கொண்டேன். கடைசிப் படிகளில் மெஷின் நழுவியது. படி விளிம்புக்கும் அதற்கும் நடுவில் அவள் வலது கை மாட்டிக்கொண்டது. மெஷினின் மணி ஒருமுறை அடித்தது.

பக்கத்துக் கடை ஹனீபா தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். மோதிர விரல் மடங்காது. பரீட்சை அவள் இல்லாமல் நடந்து முடிந்தது. தோட்டத்திலிருந்து தகப்பன் வந்தார். ஆஸ்பத்திரிக்கு அலைந்ததற்காக என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மறுநாள் மரம் வெட்ட வேண்டும் என்று கடைசி பஸ்ஸில் திரும்பிப் போனார்.

நினைவு தெளிந்ததும் சுந்தரி என்னைத்தான் தேடினாள்.

“நான்தான் சரியாப் புடிக்கல பெரியப்பா. மெஷினுக்கு ஒன்னும் ஆகலயே?”

ஒன்றும் ஆகவில்லை என்றேன். பரவாயில்லை, உன்னை மன்னித்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவள் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. மன்னிப்பது மனசுக்கு இவ்வளவு இதமானது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அவள் சரியாகத்தான் பிடித்திருந்தாள். நான்தான் விட்டேன். கை வியர்த்தது, கால் இடறியது என்றெல்லாம் எனக்கே சில நாள் சொல்லிப் பார்த்தேன். வியர்க்கவும் இல்லை, இடறவும் இல்லை. அவள் கையை இழுத்துக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம். அப்படி ஒதுங்கியிருந்தால் மெஷின் சிமெண்டுத் தரையில் விழுந்து நொறுங்கியிருக்கும். ஒதுங்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். உயிரே போனாலும் மெஷினைத் தரையில் விடக் கூடாது என்று அவளுக்குப் பாடம் சொன்னவனே நான்தானே. அது தெரியாமல் இம்பீரியலைக் கைவிடுவேனா?

சுதந்திரக் கொடி ஏறி எல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு நாள் பாக்கியலட்சுமி அறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று நான் கேட்டதில்லை. சுந்தரி இடது கையால் பழகிப் பார்க்கிறேன் என்கிறாளாம்.

“சொன்ன சொல்லு சொன்னதுதான். இம்பீரியல அவளுக்குக் குடுங்க.”

அரைக் கையால் தட்டப்போகிறவளுக்கு எதற்கு அவ்வளவு உசத்தியான மெஷின் என்று கேட்டேன். அவள் படியிறங்கிப் போய்விட்டாள். கோபமில்லாமல்தான் கேட்டேன். யோசித்துப் பார்த்தால், நியாயமான கேள்விதானே?