குமிழி நடுவில்தான் இருக்கிறது

— ஃப்ரிட்ஜுக்கு அடியில கேஸ் தீ எரியுது ஆர்டிஸ். வெளிய போய் முட்டி போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்றேன். நீலமா, நேரா, அழகா எரியுது.

— நான் ஒண்ணும் சொல்லல வெர்லின். தீ எரியுதுன்னா சந்தோஷம். மீன் உருகுதுன்னும் சேத்துச் சொல்றேன், அவ்வளவுதான்.

— இப்ப எவ்வளவு காட்டுது?

— ஃப்ரீசர்ல ஃபாரன்ஹீட் முப்பத்தொண்ணு. முப்பத்திரண்டு ஆனா எல்லாம் தண்ணி. நேத்து காலைல பதினெட்டு. முந்தாநாள் நாம இந்த அரிசோனா பாலைவனத்துல வந்து நின்னப்போ அஞ்சு.

— இன்னும் ஒரு டிகிரி இருக்குல்ல? பதறாத.

— நான் பதறல. மீனைத் தண்ணியோட உறைய வச்ச பால் அட்டைப்பெட்டிதான் பதறுது. மூலையெல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு. ஆறு பெட்டி, பெட்டிக்கு நாலு துண்டு. நம்ம ஊர் மினசோட்டாவுல பனி உறைஞ்ச ஏரியில ஓட்டை போட்டு, கவுத்த வாளி மேல உக்காந்து, மூக்கு நுனி வெளுத்துப் போய்ப் புடிச்ச மீனு. ஆளுக்கு ஆறுக்கு மேல சட்டம் விடாது. போய் இன்னொண்ணு புடிச்சுட்டு வான்னு சொல்ல முடியாது.

— நாளைக்குத்தானே விருந்து? அதுக்குள்ள சரி பண்ணிடுறேன்.

— நாளைக்கு நம்ம ஊர்க்காரங்க இருபது பேரு தட்டோட வந்து நிப்பாங்க. போன வருஷம் மாதிரி மூடியைத் திறந்ததும் எல்லாரும் ஒரே நேரத்துல பின்னாடி நகந்தாங்கன்னா—

— போன வருஷத்தைப் பத்திப் பேச வேணாம்னு முடிவு பண்ணியிருக்கோம்.

— அது நீ பண்ணின முடிவு. நான் பண்ணின முடிவு வேற. வண்டி வாங்கின முதல் வருஷம் மீன் போச்சு, ரெண்டாம் வருஷம் மீன் போச்சு. மூணாவது வருஷமும் மீன் போச்சுன்னா நாம படுத்து எழுந்திரிக்கிற இந்த டிரெய்லரும் போச்சு. ஃபார்கோ ஊர்க்காரர் ஒருத்தர் சாயங்காலம் நாலு மணிக்கு வண்டியைப் பாக்க வர்றார்.

— அந்த ஆளை நிஜமாவே கூப்பிட்டுட்டியா?

— நான் ஒண்ணும் கூப்பிடல. விக்கிற எண்ணம் இருக்கான்னு கேட்டாரு. இருக்கலாம்னேன். நாலு மணி தோதுப்படுமான்னாரு. படும்னேன்.

— ரிட்டயரான அன்னைக்கு வாங்கின வண்டி ஆர்டிஸ். வேலைக்குப் போன காலம் பூரா இதோட படத்தை டிஃபன் பாக்ஸ் மூடியில ஒட்டி வச்சிருந்தேன்.

— தெரியும். என் படம் அதுக்குக் கீழ இருந்தது.

— சரி, யாரோ கதவைத் தட்டுறாங்க. யாருன்னு பாரு.

— பக்கத்து ஸ்டேட் விஸ்கான்சின் வந்திருக்கு! வாசனை புடிச்சுக்கிட்டே வந்தேன் வெர்லின்.

— யோவ் ஹார்லன், இங்க வாசனை ஒண்ணும் வரல.

— இன்னும் வரலன்னு சொல்லு. வணக்கம் ஆர்டிஸ். உங்க ஊர்க்காரங்க எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நடக்குறாங்க. கேட்டா, மீனுக்குக் காய்ச்சல்னாங்க.

— வாங்க ஹார்லன். முப்பத்தொரு டிகிரி காய்ச்சல்.

— அட பாவமே. என் ஃப்ரீசர்ல இடம் இருக்கு. சீஸைக் கொஞ்சம் நகத்தினா ஆறு பெட்டியும் உள்ள போயிரும். ஒரே ஒரு நிபந்தனைதான். நாளைக்குப் பலகையில 'விஸ்கான்சின் மீன் விருந்து'ன்னு எழுதுவோம்.

— உருகட்டும்.

— வெர்லின்!

— உருகி, மணல்ல ஓடி, அப்படியே கடல்ல கலக்கட்டும்.

— கோவப்படாத வெர்லின். கிளம்பும்போது ஃப்ரிட்ஜ் வேலை செஞ்சுதா?

— வீட்ல நல்லா இருந்தது.

— வீட்ல வெளிய மைனஸ் இருபது ஹார்லன். அங்க இவனோட பூட்ஸ்கூட ஃப்ரீசர்தான்.

— மெக்கானிக்கிட்ட காட்டினியா?

— ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் அவன் ஷெட்ல ஐஸா கொட்டுச்சாம். குறையே இல்லன்னு தட்டிக் குடுத்து அனுப்பிட்டான், ஃப்ரிட்ஜை இல்ல, என்னை.

— பின்பக்கத் தட்டியைக் கழட்டிப் பாத்தியா? எரியுற இடத்துல சிலந்தி கூடு கட்டும்.

— ஒரு சிலந்தி இருந்தது. எடுத்துச் சொன்னேன், போயிருச்சு.

— காத்து போற வழி?

— சுத்தம்.

— கதவு ரப்பர்?

— ஒரு டாலர் நோட்டைக் கதவு இடுக்குல வச்சு மூடி, இழுத்துப் பாத்தேன். நாலு பக்கமும் இறுக்கிப் புடிக்குது.

— ஒரு டாலரா? எங்க விஸ்கான்சின்ல இருபது டாலர் நோட்டு வச்சுத்தான் பாப்போம். அப்பதான் மனுஷன் கவனமா இழுப்பான். சரி, வண்டி சமமா நிக்குதா?

— என்ன கேட்ட?

— கேட்டிருக்கக் கூடாது ஹார்லன். இனிமே அரை மணி நேரம் போச்சு.

— யோவ், என்னைப் பாத்தா அந்தக் கேள்வியைக் கேக்குற? இது வீட்டு ஃப்ரிட்ஜ் இல்லய்யா. கீழ தீ எரியும், உள்ள இருக்குற மருந்து சூடாகி மேல ஏறும், குளிர்ந்து தானா வழிஞ்சு இறங்கும். வண்டி ஒரு பக்கமா சாஞ்சு நின்னா மருந்து மூலையில படுத்துக்கும், எழுந்திரிக்காது. அதைத் தெரிஞ்சவன் நான். அதனாலதான் வந்த அன்னைக்கு முக்கா மணி நேரம் சக்கரத்துக்குக் கட்டை வச்சேன்.

— ஒன்றரை மணி நேரம். நான்தான் வெயில்ல நின்னு கை காட்டினேன்.

— நீ வாயில வலதுன்னு சொல்லி கையில இடது காட்டினியே, அதுல போன நேரம்—

— அதைப் பத்திப் பேச வேணாம்னு முடிவு பண்ணியிருக்கோம்.

— சரி. ஹார்லன், இப்படி வா. வண்டி முகப்புல ஒட்டியிருக்கேன் பாரு ரசமட்டம். குமிழி எங்க இருக்கு?

— நடுவுல.

— நடுவுலன்னா?

— நட்ட நடுவுல.

— மயிரிழை பிசகாம. பேச்சு முடிஞ்சுது.

— காபி எடுத்துக்கங்க ஹார்லன். காலைல கேக் சுட்டேன், அதையும் சாப்பிடுங்க. மீன் உருகுறதைச் சும்மா ஏன் பாக்கணும்?

— ஆஹா, ஆர்டிஸோட மலைக் கேக்! எனக்கு உச்சித் துண்டு. அடிவாரம் வெர்லினுக்கு.

— சிரிங்க, சிரிங்க. முப்பத்திமூணு வருஷமா எல்லாரும் சிரிக்கிறீங்க. கல்யாணமான முதல் கிறிஸ்துமஸ்ல இவனோட அக்கா லொரேன் கேட்டா, குழந்தைங்க இதுல சறுக்கி விளையாடலாமான்னு.

— அக்கா அன்பாத்தான் கேட்டுது.

— சர்ச்சுல கேக் வித்தப்போ என்னோடதுக்கு மட்டும் ரெண்டு பாட்டுப் புத்தகம் முட்டுக் குடுத்து வச்சாங்க. யாரும் வாங்கல. புத்தகம் ரெண்டும் வித்துப் போச்சு.

— ருசி நல்லாருக்கு ஆர்டிஸ். கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிட்டா ஒரு குறையும் தெரியல. இன்னும் இருக்கா?

— வர்ற வழியில துக்கும்காரிங்கற ஊர்ல ஒண்ணு சுட்டேன். சூட்டோட தகர டப்பாவுல போட்டு மூடினதுதான், திறந்தே பாக்கல. இருங்க, தர்றேன்.

— இது கடையில வாங்கினதுதானே?

— இல்லயே, நான் சுட்டதுதான்.

— விளையாடாதீங்க ஆர்டிஸ். இது ஏரித் தண்ணி மாதிரி சமமா இருக்கு.

— எங்க, காட்டுங்க. அட கடவுளே. வெர்லின், இங்க வா.

— நான் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி தலையை விட்டிருக்கேன்.

— தலையை எடுத்துக்கிட்டு வா. துக்கும்காரியில எங்க நிறுத்தின?

— கடை பார்க்கிங்ல. ராத்திரி படுத்துட்டு விடியக் கிளம்புற இடத்துல கட்டை வைக்கக் கூடாது, மரியாதை இல்ல. அப்படியே நிறுத்தினேன். குமிழி ஒரு ஓரமா போய் நின்னுச்சு. எனக்கு ராத்திரி பூரா தூக்கமே வரல.

— ஃப்ரீசர் கணக்கு எழுதி வச்சிருக்கேன், கேளு. நெப்ராஸ்கா, கடை வாசல், கட்டை இல்ல, ஏழு. கான்சாஸ், கடை வாசல், கட்டை இல்ல, ஆறு. துக்கும்காரி, கட்டை இல்ல, அஞ்சு, கேக்கு சமம். இங்க, ஒன்றரை மணி நேரம் கட்டை. மீன் உருகுது, கேக்கு மலை.

— நீ என்ன சொல்ல வர்ற ஆர்டிஸ்?

— நான் ஒண்ணும் சொல்லல. கேக் சொல்லுது. ஹார்லன், அந்த அகலத் தட்டை எடுத்து அடுப்பு மேல வச்சுக் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க.

— ஊத்திட்டேன். இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் அரிசோனா.

— தட்டு கோணல்.

— இரு வெர்லின், என் வண்டியிலேர்ந்து ஒரு தட்டு கொண்டு வர்றேன்.

— விஸ்கான்சின் தட்டு நேரா இருந்ததா சரித்திரமே கிடையாது.

— கொண்டு வந்துட்டேன். ஊத்துறேன். பாத்துக்க. ஏரி அதே பக்கம்தான்.

— குமிழி நடுவுல இருக்குய்யா!

— குமிழி நடுவுலதான் இருக்கு வெர்லின். யாரும் இல்லங்கல. அந்த ரசமட்டத்தை எப்படி ஒட்டின?

— முறைப்படிதான். வண்டி வாங்கின அன்னைக்கு நம்ம வீட்டுப் பக்கத்துல நிறுத்தினேன். ஒரு கண்ணை மூடிக்கிட்டு, சமையலறை ஜன்னலுக்கு நேரா வர்ற வரைக்கும் வண்டியைத் தூக்கினேன். அப்புறம் குமிழி நடுவுல வர்ற மாதிரி வச்சு ஒட்டினேன். வீட்டை விட நேரானது உலகத்துல வேற என்ன இருக்கு?

— எந்த வீட்டை விட?

— நம்ம வீட்டை விட.

— நீயே அஸ்திவாரம் போட்டுக் கட்டின வீடு.

— ஆமா, நானே போட்டது.

— பட்டாணி கீழ விழுந்தா எப்பவும் குளியலறைப் பக்கமே ஓடுற வீடு.

— அது பட்டாணியோட குணம்னு நினைச்சேன்.

— கதவெல்லாம் தானா சாத்திக்கிற வீடு.

— அதை ஒரு வசதியா நினைச்சேன்.

— வெர்லின், நான் வெளியாளு, குடும்ப விஷயத்துல தலையிடக் கூடாது. ஆனா இந்தக் காபியை முடிக்காம நான் போகப் போறதில்ல.

— மினசோட்டாவுல பனிக்கு எல்லா வீட்டுத் தரையும் கொஞ்சம் எழும்பும் ஆர்டிஸ்.

— முப்பத்திமூணு வருஷம் வெர்லின். மாவை மாத்தினேன். முட்டையை மாத்தினேன். மூணு அடுப்பு மாத்தினேன். எனக்குக் கைப்பக்குவமே இல்லன்னு முடிவு பண்ணி, லொரேன் வீட்டு விசேஷத்துக்கு உருளைக்கிழங்கு கொண்டு போக ஆரம்பிச்சேன்.

— ஆர்டிஸ்—

— கட்டையை எடு.

— எந்தக் கட்டையை?

— வச்ச எல்லாத்தையும். ஹார்லன், நீங்க தட்டுத் தண்ணியைப் பாத்துக்கிட்டே சொல்லுங்க. நான் கை காட்டப் போறதில்ல.

— இடது பக்கம் இறக்கு வெர்லின். இன்னும். இன்னும். ஏரி பரவுது. அரிசோனாவுல வெள்ளம்! நிறுத்து!

— குமிழி ஓரத்துக்குப் போயிருச்சு. என்னால பாக்க முடியல.

— பாக்காத. ஒரு துணியைப் போட்டு மூடு. இனிமே சாயங்காலம் வரைக்கும் யாரும் ஃப்ரீசரைத் திறக்கக் கூடாது.

— மணி மூணே முக்கால் ஆர்டிஸ். ஆறு மணி நேரமா ஃப்ரிட்ஜையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். திறக்கவா?

— சீக்கிரம் திறந்து சீக்கிரம் மூடு. எவ்வளவு?

— கண்ணாடி போட்டுக்கிறேன். எட்டு! ஆர்டிஸ், எட்டு!

— பெட்டி எப்படி இருக்கு?

— கல்லு! தட்டிப் பாரு, சத்தத்தைக் கேளு! யோவ் ஹார்லன், பலகையில எழுதினதை அழிச்சிரு!

— நான் எழுதவே இல்லயே.

— கையில மஞ்சள் பெயிண்ட் இருக்கு.

— இது சீஸ்.

— சண்டை போடாம ரெண்டு பேரும் இப்படித் திரும்புங்க. இந்தக் கேக்கையும் இப்பத்தான் அடுப்புலேர்ந்து எடுத்தேன்.

— அட, இதுவும் சமமா வந்திருக்கு.

— இன்னொரு தடவை சொல்லு வெர்லின்.

— சமமா இருக்கு ஆர்டிஸ். இந்த மூலையிலேர்ந்து அந்த மூலை வரைக்கும். என்னால இப்படி ஒரு வீடு கட்ட முடியல.

— லொரேனுக்குப் படம் எடுத்து அனுப்பிட்டேன். எந்தக் கடைன்னு கேட்டிருக்கா.

— அப்போ உச்சித் துண்டு?

— இனிமே உச்சியே கிடையாது ஹார்லன். எல்லாருக்கும் ஒரே உசரம்.

— மன்னிக்கணும், உள்ள வரலாமா? ஃபார்கோவிலேர்ந்து. நாலு மணிக்கு வரச் சொன்னாங்க. விக்கிற விஷயமா...

— ஐயா, சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு, மீன் உறைஞ்சிருச்சு, அதனால—

— நீ சும்மா இரு வெர்லின். விக்கப் போறது நான். வாங்க, இப்படி உக்காருங்க, முதல்ல கேக் சாப்பிடுங்க.

— ஆர்டிஸ்! எட்டு டிகிரி! மீன் போனாத்தான் வண்டி போகும்னு நீதானே சொன்ன!

— டிரெய்லரை யாரு விக்கிறா? இனிமே நாம இருக்கப் போறதே இதுலதான். ஐயா, மினசோட்டாவுல ஏரிக்கரையில ஒரு வீடு இருக்கு. மூணு படுக்கையறை, கதவெல்லாம் தானா சாத்திக்கும், இவனே கட்டினது. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். உங்க வீட்ல யாராவது கேக் சுடுவாங்களா?