ஏலத்துச் சேவல்

சிடாட்டி: ...நான் கேக்க முடியாது நெலிமாக்கா. நான் தலைமை ஆசிரியர். விருந்தாளி மடியில இருக்கிற சேவலை நான் போய்ப் புடுங்கினா நல்லாவா இருக்கும்?

நெலிமா: நான் போனா மட்டும்? நான் சமைக்க வந்தவ. கிட்டப் போனாலே அந்தப் பொண்ணு கத்திருவா. கையில வெங்காயக் கத்தி வேற.

சிடாட்டி: கத்தியை வெச்சுட்டுப் போங்க.

நெலிமா: முதல்ல உக்காருங்க சார். காலையில இருந்து மைக்கைப் புடிச்சுக்கிட்டு நின்னு தொண்டை கட்டிப்போச்சு. உகாலிக் களி சூடா இருக்கு.

சிடாட்டி: சாப்பாடா இப்போ... நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு? ஏலத்தை ஆரம்பிச்சேன். முதல்ல ஊர்த் தலைவர் எடுத்தார். காசைக் குடுத்துட்டு, "பள்ளிக்கூடத்துக்கே இருக்கட்டும்"னு சேவலைத் திருப்பிக் குடுத்தார். அப்புறம் கடைக்கார மகோகா. அவரும் குடுத்தார். சர்ச் பொம்பளைங்க சங்கம்...

நெலிமா: அவங்க மனசில்லாமத்தான் குடுத்தாங்க. சேவல் அப்படி.

சிடாட்டி: குடுத்தாங்கல்ல? ஊர் கூடிக் காசு சேர்க்கிற ஹராம்பேன்னா அதானே. ஒரே சேவல் பத்துக் கை மாறணும். இந்த வெளிநாட்டுப் பொண்ணு எல்கே என்னடான்னா... எல்லாரையும் விட அதிகமாக் குடுத்தா, சேவலை வாங்கினா, மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டா.

நெலிமா: காசு குடுத்து வாங்கினவ. வேற எங்க வெப்பா?

சிடாட்டி: ஊரே கை தட்டிட்டுக் காத்துக்கிட்டிருந்துச்சு. அவளும் சேர்ந்து தட்டினா. "நம்ம விருந்தாளி இப்போ..."ன்னு மைக்ல இழுத்து இழுத்துப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் கையாட்டினா.

நெலிமா: "திருப்பிக் குடுக்கணும்மா"ன்னு சொல்றதுக்கு என்ன?

சிடாட்டி: விருந்தாளிகிட்ட நீ தப்புப் பண்ணிட்டேன்னு சொல்றதா? அதுவும் நம்ம பள்ளிக்கூடத்துக்காகக் காசு சேர்க்க வந்த புள்ளைங்ககிட்ட? நாம இன்னிக்கு எவ்வளவு சேர்க்கிறோமோ, அதே அளவு அவங்க ஊர்லயும் சேர்த்துத் தர்றதாச் சொல்லியிருக்காங்க. இங்க நின்னுச்சுன்னா அங்கயும் நின்னுரும். மழைக்கு முன்னாடி தகரம் போட்டாகணும் அக்கா.

நெலிமா: அது எனக்குத் தெரியாதா? என் கடைக்குட்டி ஒண்ணாம் கிளாஸ். மாமரத்தடியில உக்காந்து போன மழையில நனைஞ்சதுல வந்த இருமல் இன்னும் போகலை. போன வருசம் வந்த புள்ளைங்களும்தான் காசு சேர்த்தாங்க. சுவர்ல யானை வரைஞ்சுட்டுப் போயிட்டாங்க. இந்த ஊர்ல யானையைக் கண்டவன் யாரு?

சிடாட்டி: யானை அழகாத்தான் இருக்கு...

நெலிமா: கூரையில்லாத சுவர்ல யானை. அதுவும் சேர்ந்து நனையுது. இந்தாங்க, இரைப்பை. உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சேன்.

சிடாட்டி: எனக்கா? ஊர்த் தலைவர் இருக்கும்போது, பெரிய மனுசனுக்கு வெக்கிற இரைப்பையை நான் எப்படி...

நெலிமா: இன்னிக்கு உங்களுக்குத்தான் முறை. சாப்பிடுங்க.

சிடாட்டி: ம்... கொஞ்சம் கெட்டி. வயசான சேவலோ?

நெலிமா: வயசு தெரியலை. நல்லாத் தின்னு வளந்திருக்கு. புள்ளைங்க மதியச் சாப்பாட்டுச் சோளம் இருக்குல்ல, அந்த மாதிரி ஒரு ருசி.

சிடாட்டி: ...யார் குடுத்தது?

நெலிமா: பேர் சொல்ல விரும்பாத ஒரு பெற்றோர்.

சிடாட்டி: நல்ல மனுசன். சரி, வேற சேவலை வெச்சு ஏலத்தை ஓட்டினா என்ன? உங்க வீட்டுச் சேவல்?

நெலிமா: அதான் வியாழக்கிழமையில இருந்து காணோமே. உங்ககிட்டதானே வந்து அழுதேன்?

சிடாட்டி: ஆமா... கீரி தூக்கியிருக்கும்னு சொன்னேன்.

நெலிமா: கீரிதான். ஷூ போட்ட கீரி. வேலியோரம் தடம் இருந்துச்சு.

சிடாட்டி: ...உப்பு இருக்கா?

நெலிமா: பக்கத்துலதான் இருக்கு. ஏன், உங்க சிவப்புச் சேவலைக் கொண்டு வாங்களேன்.

சிடாட்டி: அது வேணாம். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வர்றப்போ ஆகும்னு வெச்சிருக்கேன். வீட்டுக்குப் பின்னால கட்டிக் கிடக்கு. எம் பொண்டாட்டிகூட அதைத் தொடமாட்டா.

நெலிமா: அப்போ ஏலத்துச் சேவல் ஏது?

சிடாட்டி: மைக்ல சொன்னேனே. கிட்டாலேயில இருந்து என் மச்சான் குஞ்சாக் குடுத்தது. நாந்தான் வளர்த்தேன்.

நெலிமா: உங்க வீட்ல நான் பாத்ததே இல்லையே.

சிடாட்டி: வெளியில விடமாட்டேன்.

நெலிமா: கிட்டாலேச் சேவலா... அதான் கால் விரல் வளைஞ்சிருக்கு. குளிர் ஊரு.

மில்ட்ரெட்: சார், இங்கயா இருக்கீங்க? உங்களைத் தேடாத இடமில்லை. மரக்கடை பராசா வந்துட்டார். "அந்த வெளிநாட்டுப் பொண்ணு குடுத்ததுக்கு ரெண்டு பங்கு நான் தர்றேன், சேவல் எங்க?"ன்னு நிக்கிறார்.

சிடாட்டி: பாத்தீங்களா அக்கா? டீச்சர், சேவல் இன்னும் அவ மடியிலதானா?

மில்ட்ரெட்: தூங்குது சார். பேர் வேற வெச்சுட்டா.

சிடாட்டி: சேவலுக்கா? என்ன பேரு?

மில்ட்ரெட்: ...சிடாட்டி.

நெலிமா: அய்யோ, கரண்டி விழுந்துருச்சு.

மில்ட்ரெட்: தானம் குடுத்தவர் பேரை வெக்கிறதுதானே மரியாதைன்னு சொல்றா சார். அவ கறி சாப்பிடமாட்டா. யார்கிட்ட குடுத்தாலும் அறுத்துருவாங்கன்னு பயம்.

சிடாட்டி: போச்சு. பராசா ரோசக்காரர். இன்னும் கொஞ்ச நேரத்துல லாரியை எடுத்துட்டுக் கிளம்பிடுவார்.

நெலிமா: டீச்சரம்மா, அந்தப் பொண்ணுகிட்ட எதையும் கேக்காதே. மைக்கைத் தூக்கி அவ கையில குடு. அடுத்த ஏலத்தை நீதான் நடத்தணும், பெரிய விருந்தாளிக்குத்தான் அந்த மரியாதைன்னு சொல்லு. வாங்கறவங்க அறுக்கக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிட்டு அவளே ஆரம்பிக்கட்டும்.

மில்ட்ரெட்: நல்ல யோசனையா இருக்கே... இதோ போறேன்.

சிடாட்டி: அக்கா, நீங்க கமிட்டியில இருக்க வேண்டியவங்க.

நெலிமா: கேட்டேன். இடமில்லைன்னீங்க.

சிடாட்டி: அது அப்போ... இருங்க, மைக்ல அவ குரல்தானே? ஆரம்பிச்சுட்டா. அது பராசா. மகோகாவும் விடமாட்டேங்கிறார். ஊர்த் தலைவர் மறுபடியும் வர்றாரே... அட, சத்தத்தைப் பாருங்க.

நெலிமா: மனுசனுக்கு ரோசம் இருக்கிற வரைக்கும் பள்ளிக்கூடத்துக்குக் குறையில்லை. மிச்ச உகாலியையும் சாப்பிடுங்க.

மில்ட்ரெட்: முடிஞ்சுது சார். பராசாதான். மூணு பங்கு குடுத்துட்டார். அறுக்கக் கூடாதுன்னா வளர்த்தவங்க வீட்டுக்கே போகட்டும்னு சொல்லிட்டார். உங்களைக் கூப்பிடறாங்க.

சிடாட்டி: அப்படியா... சரி. நானே வந்து வாங்கிக்கிறேன்.

மில்ட்ரெட்: வாங்க வேணாமாம் சார். பள்ளிக்கூட வாசல்ல இறக்கி விடப்போறாங்க. சேவல் தானா நடந்து வீடு போய்ச் சேர்றதை எல்கே படம் எடுக்கிறா. அதை அனுப்பினா அவங்க ஊர்ல காசு கொட்டுமாம்.

சிடாட்டி: தானாவா?

மில்ட்ரெட்: வளர்ந்த வீடு சேவலுக்குத் தெரியாதான்னு பராசா சொன்னார்.

நெலிமா: தெரியும், தெரியும். வாசல்ல இருந்து இடது பக்கம் போனா சார் வீடு. வலது பக்கம் போனா என் வீடு.

சிடாட்டி: டீச்சர்... நீங்க முன்னாடி போங்க. கை கழுவிட்டு வர்றேன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் சேவலை இறக்க வேணாம்.

மில்ட்ரெட்: சீக்கிரம் வாங்க சார். எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க.

சிடாட்டி: ...அக்கா.

நெலிமா: சொல்லுங்க.

சிடாட்டி: அது வலது பக்கம்தான் போகும்.

நெலிமா: தெரியும். விரல் குளிர்ல வளையலை. குஞ்சா இருந்தப்போ என் கதவுல நசுங்கினது.

சிடாட்டி: திருடணும்னு எடுக்கலை அக்கா. சேவல் இல்லாம ஹராம்பேயை எப்படி ஆரம்பிக்கிறது? யாரைக் கேட்டாலும் செத்துப்போச்சு, வித்துட்டேன்னாங்க. உங்களது வேலியோரமா நின்னுச்சு. யார் வாங்கினாலும் திருப்பிக் குடுக்கப் போறாங்க, சாயங்காலம் உங்க வாசல்ல விட்டுடலாம்னு...

நெலிமா: உங்க சிவப்பு இருந்துச்சே.

சிடாட்டி: அது... மனசு வரலை.

நெலிமா: என்கிட்ட கேட்டிருக்கலாம்.

சிடாட்டி: நீங்க தரமாட்டீங்க.

நெலிமா: தரமாட்டேன்தான்.

சிடாட்டி: இது படத்துல வந்துச்சுன்னா, திருட்டுச் சேவலை வெச்சுப் பள்ளிக்கூடம் கட்டறாங்கன்னு அவங்க ஊரே பாக்கும். ஒரு காசு வராது. மழை வந்துரும். என் மானத்தை விடுங்க, புள்ளைங்க...

நெலிமா: புள்ளைங்களை இப்போ இழுக்காதீங்க. நான் சொல்றேன், நாந்தான் குடுத்தேன்னு. வெளியில சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டதும் நாந்தான்.

சிடாட்டி: அக்கா, உங்களுக்கு எப்படி...

நெலிமா: இருங்க. தகரம் வந்ததும் முதல்ல எதுக்குக் கூரை?

சிடாட்டி: அது... ஆபீஸ் ரூமுக்குன்னு கமிட்டியில பேசி...

நெலிமா: வலது பக்கம், சார்.

சிடாட்டி: ஒண்ணாம் கிளாசுக்கு. முதல்ல ஒண்ணாம் கிளாசுக்குத்தான்.

நெலிமா: அதை மைக்ல சொல்லுங்க. கேமரா இருக்கும்போதே சொல்லுங்க.

சிடாட்டி: இப்பவே சொல்றேன். ஆனாலும் எனக்கு மனசு ஆறலை அக்கா. என் சிவப்புச் சேவலை நாளைக்கு நானே அவுத்துக் கொண்டு வந்து உங்களுக்குக் குடுத்துர்றேன். இன்ஸ்பெக்டர் கிடக்கிறார்.

நெலிமா: வேணாம் சார், அங்க கயிறு மட்டும்தான் இருக்கு. என் சேவலுக்குப் பதிலா விடியக்காலையில உங்க வீட்டம்மாதான் அவுத்துக் குடுத்தாங்க. பேர் சொல்ல விரும்பாத பெற்றோர் நீங்கதான். வாயைத் துடைச்சுட்டு மேடைக்குப் போங்க.