இடது பின் கதவு

மாலை ஐந்து மணி. எஸ்டேட்டிலிருந்து மஞ்சூருக்கு ஏறும் ரோடு. ஒரு லாரி போகிற அகலம்தான். வலப்பக்கம் கல் கட்டிய சுவர், இடப்பக்கம் பள்ளம். நவம்பர் மாதத்துப் பனிமூட்டம்... தேயிலைச் செடிகள் ஒவ்வொரு வரிசையாக மறைந்துகொண்டிருந்தன.

மின்சாரம் போன இரவுகளில், நெருப்புச் சட்டியைச் சுற்றி எல்லோரும் போர்வைக்குள் நெருங்கி உட்கார்ந்திருக்கும்போது இதைச் சொல்லியிருக்கிறேன். என் சிநேகிதியின் வீட்டுக்காரருக்கு நடந்தது என்றுதான் ஆரம்பிப்பேன். அப்படிச் சொன்னால் குரல் உடையாது. எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. அவர் என் கணவர். தேவநேசன்.

குன்னூரில் அவர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். பழைய கார் வாங்க நினைப்பவர்கள், அதைப் போய்ப் பார்த்து வரும்படி முதலில் அவரிடம்தான் சொல்வார்கள். அவர் என்னையும் கூட்டிப் போவார். பின் சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்து, கேட்கிற சத்தத்தையெல்லாம் சொல்ல வேண்டும். "முன்னால இருக்கறவனுக்கு இன்ஜின் மட்டுந்தான் கேக்கும் ஜெஸி. காரோட வயசு பின்னாலதான் தெரியும்" என்பார். எனக்கும் பள்ளிக்கூடம் விட்டால் வேறு வேலை இல்லை. பிள்ளைகள் இல்லாத வீடு.

அன்று பார்க்கப் போனது நீளமான கறுப்புக் கார். வெளிநாட்டில் செய்தது. பின் சீட்டில் உட்காருகிறவர் காலை நீட்டிக்கொள்வதற்காகவே உடம்பை ஒரு சாண் நீட்டிக் கட்டியிருந்தார்கள். ஜன்னலுக்குத் திரை, தோல் சீட்டு, கால் வைக்கச் சின்ன மணை. எஸ்டேட் முதலாளியின் மனைவி வைத்திருந்தது. அவரைத் துரைசானியம்மா என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள். அவர் இறந்து ஒரு வருஷமாகியிருந்தது. கோயமுத்தூரில் கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுகிற ஒருவர் அதை விலைக்குக் கேட்டிருந்தார்.

எஸ்டேட் பங்களாவின் போர்டிகோவில் கார் நின்றிருந்தது. சாவி கொண்டுவந்தவர் துரைசானியம்மாவின் டிரைவர் அழகர்சாமி. வயதானவர். மப்ளரைக் காதோடு சுற்றியிருந்தார்.

"ஏனுங்க சார், எல்லாம் பாருங்க. அந்த இடது பின் கதவை மட்டும் விட்டுருங்க."

"ஏண்ணா, துருவா?"

"துருவெல்லாம் இல்லீங்க. அம்மா உக்கார்ற பக்கம். அவங்க கைப்பிடியத் தொட்டதே இல்லீங்க. நான் தொறந்தாத்தான் ஏறுவாங்க, தொறந்தாத்தான் இறங்குவாங்க."

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாங்கறவரு என்ன, மூணு கதவுக்கா காசு குடுக்கப் போறாரு?"

முதலில் என்னை வலப்பக்கம் ஏற்றினார். சாவியைத் திருப்பினார். என் எடைக்குக் காரின் பின்பக்கம் லேசாகத் தணிந்தது. டிக்கிக்கு அடியில் ஒரு பம்ப் 'ம்ம்ம்' என்று முனகியது. கார் மெல்ல எழும்பிச் சமமானது.

"பாத்தியா? காத்துப் பை. ஆள் ஏறினா தூக்கிக் குடுக்கும். இறங்கினா காத்தை விட்டுரும். இந்த வயசுலயும் வேலை செய்யுது பாரு!" அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

பிறகு மற்ற கதவுகளைப் போலவே அந்தக் கதவையும் திறந்தார். அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டு கீலைப் பார்த்தார், ரப்பரைத் தடவினார், குனிந்து அடித்தகட்டில் துரு இருக்கிறதா என்று தேடினார். எந்தக் காரைப் பார்த்தாலும் அவர் செய்வதுதான். நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு சத்தத்தைக் காதில் வாங்கியபடி மெதுவாகச் சாத்தினார். 'தொப்'.

என் இடப்பக்கம் சீட்டின் தோல் கிரீச்சென்றது. கார் அந்தப் பக்கமாகத் தணிந்தது.

'ம்ம்ம்...'

"வால்வு லீக்" என்றார் இவர் வெளியில் நின்றபடி.

அழகர்சாமி மப்ளரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இவர் சீட்டைப் பின்னால் தள்ளி ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் ஜன்னலோரம் வந்து நின்றார்.

"ஏத்தினது நீங்க. நீங்கதான் இறக்கணும். இங்க, இந்த போர்டிகோவுல. வழியில அந்தக் கதவைத் தொறந்துராதீங்க சார்."

"தொறந்தா?"

"தெரியலீங்க. நான் அப்பிடிச் செஞ்சதில்லை."

கிளம்பினோம். கண்ணை மூடிக்கொண்டேன். அந்துருண்டை வாசம் வந்தது... பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த கம்பளியின் வாசம். நான் பருத்திச் சேலைமேல் நைலான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் கம்பளி தோலில் உரசுகிற சத்தம் கேட்டது.

"பின்னால எப்பிடி?"

"திரும்பிப் போயிரலாங்க."

"இந்த நீளத்தை இந்த ரோட்டுல எங்க திருப்பறது? மஞ்சூர் போய்த்தான் திருப்பணும்." கியரைக் குறைத்தார். பிறகு தனக்குள் சொல்வது போலச் சொன்னார்: "பின்னால ரெண்டு ஆள் எடை இழுக்குது..."

மூன்று வளைவு ஏறிவிட்டோம். நாலாவது கொண்டை ஊசி வளைவு. வலப்பக்கம் ஒடித்துத் திருப்பினார். நீளக் காருக்கு ஒரே வீச்சில் அந்த வளைவு போதாது. பின் சக்கரம் உள்ளே உள்ளே போய், என் பக்கத்துக் கதவு கல் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பின்னுக்கு எடுத்துத் திருப்ப வேண்டும். ரோடு ஈரம். கார் வழுக்கப் பார்த்தது. மலையில் இப்படி ஆனால் பின்னால் இருப்பவர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுப்பது வழக்கம்.

"ஜெஸி, அந்தப் பக்கமா இறங்கி ஒரு கல்லை வை."

"என்னால நகர முடியாதுங்க."

"ஏன்?"

"ஆள் இருக்குது."

கண்ணாடியில் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது காலி சீட்டுதான். "ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுல பைபிள் வாசிக்கிற டீச்சரம்மா பேசற பேச்சா இது?" சிரித்துக்கொண்டே ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு அவரே இறங்கினார். சக்கரத்துக்கு அடியில் கல் நறநறவென்று உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு காரைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தார். எனக்குக் காட்டத்தான். என் பயத்தைப் போக்கத்தான். வேறொன்றுமில்லை.

"தொறக்காதீங்க!" கண்ணாடி வழியே கத்தினேன். கையை ஆட்டினேன்.

திறந்தார்.

"பாரு ஜெஸி, யாரு இருக்கா—"

பாதியில் நின்றது பேச்சு.

'புஸ்ஸ்ஸ்...' காற்றுப் பை காற்றை விட்டது. நான் அசையவில்லை. இடப்பக்கம் கார் எழும்பித் தணிந்தது.

அவர் கண்கள் சீட்டின் மட்டத்திலிருந்து மெல்ல மேலே வந்தன. உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்பதைப் பார்க்கிற பார்வை. ஒரு கை தானாகப் போய்க் கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பில் பதிந்தது... இறங்குகிறவரின் தலை இடிக்காதிருக்க. எனக்கு ஒருநாளும் அப்படிக் கை வைத்தவரில்லை. பிறகு, பெரியவர்களுக்கு வழி விடுவது போல, ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

இன்னும் ஒரு அடி.

அங்கே ரோடு இல்லை.

அவர் கத்தவில்லை. கற்கள் உருளும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. அது நின்றபின், திறந்து கிடந்த கதவு மெதுவாக வந்து மூடியது. 'தொப்'.

ஃபேக்டரி முடிந்து வந்தவர்கள்தான் டார்ச் அடித்து என்னை வெளியே எடுத்தார்கள். அவரை மறுநாள் காலையில், கீழே ஓடைக்குப் பக்கத்தில் கண்டெடுத்தார்கள். அடக்கம் பண்ணி முடித்தோம். கோயமுத்தூர்க்காரர் கார் வேண்டாமென்று சொல்லிவிட்டார். யாரோ அதை ஓட்டிப்போய் பங்களா ஷெட்டில் விட்டார்கள்.

அதே வாரம் அழகர்சாமி வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசலுக்கு உள்ளே ஒரு அடி வைத்து நின்றார். குள்ளமான மனிதர். வாசல் நிலையின் மேல்கட்டை அவர் தலைக்கு மேல் வெகு உயரத்தில் இருந்தது.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க."

"கேளுங்க."

"ஷெட்டுச் சாவி என்கிட்ட மட்டுந்தானுங்க இருக்குது. ராத்திரி காரைத் தொடச்சுப் போட்டு, டிரைவர் சீட்டை எனக்குத் தக்கன முன்னால இழுத்து வெச்சுட்டுத்தான் பூட்டறேன். காலையில போய்ப் பாத்தா... சீட்டு கடைசி வரைக்கும் பின்னால தள்ளியிருக்குதுங்க. தெனமும்."

கையிலிருந்த மப்ளரை முறுக்கிக்கொண்டே நின்றார்.

"சாருக்குக் கால் நல்ல நீளமுங்களா?"