பெட்டிதான் லேட்டு

...இருங்க, இருங்க. கை தட்டறதுக்கு இன்னும் நேரமிருக்கு. புது பஸ்ஸோட படியைப் பத்திப் பேசத்தான் கூடியிருக்கோம், நான் மறக்கல. அதுக்கு முன்னாடி சின்னதா ஒரு கதை இருக்கு, அதைக் கேட்டுட்டு அப்புறம் கோபப்படுங்க. கோபம் இன்னும் நல்லா வரும்!

கோயமுத்தூர்ல என்கூடப் படிச்சவ ஒருத்தி, செல்வரதின்னு பேரு. கிடார் பெட்டி செய்யற கம்பெனில டிசைன் வேலை பார்க்கறா. அதென்ன கிடார் பெட்டி? மேடைக் கச்சேரி பார்த்திருப்பீங்க... எலக்ட்ரிக் கிடாரைத் தனியா வாசிச்சா கொசு கத்தற மாதிரி இருக்கும். அதனால கால்கிட்ட ஒரு பெட்டி வச்சிருப்பாங்க. ஒயரை அதுல சொருகி, மேல இருக்கற திருகைத் திருப்பினா போதும். பெரிய ஆம்ப்ளிஃபயர் அலறற மாதிரி, மலையில எதிரொலிக்கற மாதிரி, ஆள் அழற மாதிரி... எல்லாத்தையும் உள்ளே இருக்கற சிப்பு கணக்குப் போட்டுத் தரும். இதுல ஒவ்வொண்ணையும் எஃபெக்ட்டும்பாங்க.

முதலாளி பேரு நாச்சிமுத்து. கெட்டவரு இல்ல. ஆனா எதைக் கேட்டாலும் ஒரே பதில்... "அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க!"

ஒருநாள் கூப்பிட்டாரு. "ஏம்மா, போட்டிக் கம்பெனிக்காரன் ஒரே நேரத்துல எட்டு எஃபெக்ட் ஓடும்னு போடறான். நமக்குப் பன்னெண்டு ஓடணும். சிப்பு மட்டும் இதே சிப்புதான், மாத்தறதுக்கில்ல."

செல்வரதி சொன்னா, "ஓட வைக்கலாம் சார். ஆனா சிப்பு மூச்சு வாங்கும். வர்ற சத்தத்தை உடனுக்குடனே அனுப்பாது. கொஞ்சம் சேர்த்து வச்சு, மொத்தமாத்தான் அனுப்பும்."

புரியுதுங்களா? நம்ம ஷேர் ஆட்டோதான்! ஆள் நிறையற வரைக்கும் வண்டியை எடுப்பானா? முதல்ல ஏறினவ உக்காந்தே கிடக்க வேண்டியதுதான். அதே மாதிரி, விரல் இப்போ தட்டும்... சத்தம் அப்புறம் வரும்.

"எவ்வளவு லேட்டாகும்?"

"கண் சிமிட்டற நேரத்துல ஒரு துளி, சார். ஆனா வாசிக்கறவங்களுக்கு அது பெருசு."

"அட, அவ்வளவுதானா! அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்கம்மா!"

பன்னெண்டும் போட்டாச்சு. வாசிச்சுப் பாருங்கன்னு முதல் பெட்டியைப் போத்தனூர் ஆல்வின் கையில குடுத்தாங்க. ஊர் ஊராக் கச்சேரிக்குப் போற கிடார்க்காரரு. கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்பி வந்தாரு. பெட்டி எப்படிங்கன்னு கேட்டா... தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"பெட்டி அருமைங்க. என் கைதான் வர வர சரியில்ல. தாளத்துக்குப் பின்னாடி வர்றே, பின்னாடி வர்றேன்னு டிரம்ஸ்காரன் மேடையிலயே திட்டறான். வேற ஆளைப் பார்த்துக்கங்கன்னு குழுவுல சொல்லிட்டேனுங்க. உங்களுக்கும் சரியா வாசிச்சுக் காட்ட முடியல, மன்னிச்சுக்கங்க."

கேட்டீங்களா கொடுமையை? லேட்டானது யாரு? பெட்டி! மன்னிப்புக் கேட்டது யாரு?... சத்தமாச் சொல்லுங்க... ஆல்வின்!

செல்வரதி பெட்டியைக் கையில வாங்கினா. "ஒரு நிமிஷம் இருங்கண்ணா"ன்னு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா. பன்னெண்டுல எட்டைத் தூக்கினா. சத்தம் சேர்த்து வைக்கற அளவைக் குறைச்சா. டிரம்ஸ் தாளத்தை ஓட விட்டு, "இப்ப வாசிங்க"ன்னா.

வாசிச்சாரு... நிறுத்தினாரு. கையைப் பார்த்தாரு. மறுபடி வாசிச்சாரு. விரல் விழற நேரத்துக்குச் சத்தம் விழுது, தாளத்தோட ஒட்டிக்கிட்டு!

சந்தோஷப்பட்டிருப்பாருன்னு நினைக்கறீங்களா? எந்திரிச்சு நின்னாரு. முகமெல்லாம் சிவந்து கிடக்கு. "அப்ப என் கை நல்லாத்தான் இருந்துச்சு! தெனம் வீட்டுல உக்காந்து என் விரலைத் திட்டிட்டு இருந்தேனே... கிடாரை வித்துடலாமான்னு பொண்டாட்டிகிட்டக் கேட்டேனே!"

நாச்சிமுத்து விடறாரா? "கோபப்படாதீங்க ஆல்வின். கொஞ்ச நாள் பழகினா கை தானா முந்தி வந்துரும். அட்ஜஸ்ட்..."

வாக்கியத்தை முடிக்க விடல செல்வரதி. "சார்! அட்ஜஸ்ட் பண்ண வேண்டியது பெட்டி. அதுக்குத்தான் அதுல திருகு வச்சிருக்கோம். மனுஷனுக்கு எங்க சார் திருகு இருக்கு?"

"எட்டைத் தூக்கிட்டா விளம்பர அட்டை மேல என்னம்மா எழுதறது?"

"கை வச்சதும் சத்தம் வரும்னு எழுதுங்க. பன்னெண்டுதான் வேணும்னா வேற ஆளை வச்சுப் போட்டுக்கங்க, நான் கிளம்பறேன்." சும்மா சொல்லல... பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுச் சொன்னா!

நாலோடதான் அந்தப் பெட்டி வெளியில வந்துச்சு. நல்லா விக்குதான்னு கேக்கறீங்களா? எனக்குத் தெரியாது. ஆல்வின் இன்னும் மேடையில வாசிக்கறாரு, அது எனக்குத் தெரியும்.

இப்ப நம்ம படிக்கு வாங்க. புது பஸ்ஸுல டிவி இருக்கு. செல்லுக்குச் சார்ஜ் போடலாம். நீல லைட்டு எரியுது. அடுத்த ஸ்டாப்போட பேரை ஒரு பொண்ணு கொஞ்சிக் கொஞ்சிச் சொல்லுது. எல்லாம் இருக்கு... ஏறற படி எங்க இருக்கு? கிட்டத்தட்ட என் இடுப்புல இருக்கு! பஸ்ஸுக்கு முதல் வேலை என்னங்க? படம் காட்டறதா, ஆளை ஏத்திக்கறதா?

போன வாரம் சந்தை ஸ்டாப்புல நம்ம மரகதக்கா மாவு வாளியோட நிக்கறாங்க. காலைத் தூக்கறாங்க, எட்டல. கண்டக்டர் விசிலை ஊதிட்டாரு. அக்கா அவருகிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? "மன்னிச்சுக்க தம்பி... முழங்கால் முன்ன மாதிரி இல்ல."

நானும் அங்கதான் நின்னேன். எனக்கு ஆல்வின் ஞாபகம் வந்துச்சு. அழுகையும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு.

மரகதக்கா, இங்கதான இருக்கீங்க? எந்திரிங்க. எல்லாரும் எந்திரிங்க. பார்த்தீங்களா, எவ்வளவு சுலபமா எந்திரிச்சாங்க? அக்கா, உங்க முழங்கால் நல்லாத்தான் இருக்கு. படிதான் உசரம்! இனிமே இந்த ஊர்ல ஒருத்தரும் ஒரு படிகிட்ட மன்னிப்புக் கேக்கக் கூடாது!

நாளைக்கு டிப்போ வாசல்ல போய் நிப்போம். அதிகாரி வருவாரு. சிரிச்ச முகமாத்தான் வருவாரு. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்மா"ம்பாரு. அப்ப என்ன சொல்லுவீங்க?... காதுல விழல... என்ன சொல்லுவீங்க?

எங்க உடம்புல திருகு இல்லைய்யா... படியை இறக்கு!