குவளைக்கு அடியில் ஒரு பகடை

மேடை என்று நாம் சொல்லிக்கொள்ளும் இந்தப் பலகையின் மேல் அமர்ந்திருக்கும் ஆட்ட நடத்துநர் கர்ட் வென்ஸ்கி அவர்களே, முதல் வரிசையில் இருக்கும் அர்லீன் ஸாஸ்ட்ரோ அம்மையாரே, மாவட்ட நெடுஞ்சாலைக் கொட்டகையிலிருந்து ஆரஞ்சுச் சட்டையோடே வந்திருக்கும் பனி தள்ளும் வண்டி ஓட்டுநர்களே, பதினோரு ஆண்டுகளாகச் சனிக்கிழமை மதியம் தோறும் இந்த விளையாட்டுச் சாமான் கடையின் பின்னறையில் கூடிய தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. சற்று முன் ஓட்டுநர் நண்பர் ஒருவர் காப்பி ஊற்றிக்கொள்ள, மூலை மேசையில் கவிழ்ந்திருக்கும் அந்தப் பச்சைக் குவளையை எடுக்கப் போனார். நான் அலறிவிட்டேன். அவர் கையிலிருந்த சீஸ் துண்டு தரையில் விழுந்தது. ஐயா, தவறு உங்களுடையதல்ல. மூன்று வாரமாக அந்தக் குவளையை யாரும் தொடவில்லை. ஏன் என்பதை இந்த உரை முடிவதற்குள் சொல்லிவிடுவேன். நான் மார்லிஸ் பொகோர்னி. மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிக் கொடுப்பவள். எண்ணியதை மறுபடி எண்ணுபவள். எல்லாவற்றுக்கும் பயப்படுபவள்.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? அர்லீன் அம்மையாரின் கணவர் எல்ராய் ஸாஸ்ட்ரோவுக்காக. உங்களுக்கு அவர் நாலாம் எண் பனி வண்டி. எங்களுக்கு அவர் ஹல்வார், வடவாசல் காவலர், கவசம் தரித்தவர்களில் முதல்வர்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் ஆளுக்கொரு கற்பனை வீரரைத் தாளில் எழுதி வைத்திருப்போம். அரக்கர்களுக்காகக் கர்ட் பேசுவார், கர்டே பகடை உருட்டுவார். பகடைக்கு இருபது முகம். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு காப்பு எண் உண்டு. உருண்ட எண்ணும் அரக்கனின் பலமும் கூடி அந்தக் காப்பு எண்ணை எட்டினால் அடி விழும். எட்டாவிட்டால் விழாது. அவ்வளவுதான்.

எல்ராய் வந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எல்லோரும் வாள் கேட்டார்கள், நெருப்பு கேட்டார்கள். அவர் கேட்டது வேறு.

"அடியே படாம இருக்க என்ன வழி?"

"வீட்லயே இருக்கறதுதான்" என்றார் கர்ட்.

"அது முடியாது. பனி கொட்டினா நான் வெளிய போய்த்தான் ஆகணும். வேற சொல்லு."

அன்றிலிருந்து அவர் கட்டியதெல்லாம் தற்காப்புதான். கிடைத்த ஒவ்வொரு பலனையும் இரும்புத் தகட்டில் போட்டார், கேடயத்தில் போட்டார், கால் ஊன்றி நிற்கும் பயிற்சியில் போட்டார். அவருடைய சுத்தியலுக்கு மட்டும் எதுவுமே மிஞ்சவில்லை. பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் நம் டூ வாங், அதோ சுவரோரம் நிற்கிறாரே, அவர் சும்மா விடுவாரா?

"எல்ராய், உங்க சுத்தியல் கொசு அடிக்கக்கூட ஆகாது."

"கொசு என்னைக் கடிச்சா பாத்துக்கலாம். எங்க, கடிக்கச் சொல்லு."

ஆனால் கடிக்க யார் வருவார்கள்? அங்கேதான் முதல் ஓட்டை. அசைக்க முடியாதவர், ஆனால் யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். அரக்கர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் நின்ற எங்களைப் பந்தாடினார்கள். எல்ராய் ஒரு மாதம் யோசித்தார். பிறகு தாளில் ஒரு புதிய திறமையை எழுதிக்கொண்டு வந்தார். வம்புக்கிழுத்தல். அதற்கு விதி உண்டு. ஆனால் வாய் திறந்து, மேசை கேட்க, அரக்கனை நிஜமாகவே சீண்ட வேண்டும் என்பது கர்ட் வைத்த வழக்கம். வீட்டில் உப்பு போதவில்லை என்றுகூடச் சொல்லாத மனிதர் என்று அர்லீன் சொல்வார். அந்த மனிதர் எழுந்து நின்று, காது சிவக்க, முதல் அரக்கனிடம் சொன்னது இதுதான்: "ஏய், பக்கத்து ஊர் அரக்கன் உன்னைவிட நல்லா அடிப்பான்டா."

அரக்கன் திரும்பினான். அதன் பிறகு பதினோரு ஆண்டுகள் எல்லா அரக்கர்களும் அவர் பக்கமே திரும்பினார்கள்.

ஓட்டைகள் அதோடு தீர்ந்தனவா? கவசத்தோடு ஆற்றில் விழுந்து முழுகப் பார்த்தார்; நீச்சல் கற்றார். மனதைக் குலைக்கும் மந்திரத்துக்கு இரும்பு தடையில்லை என்று ஒருநாள் தெரிந்தது. அதற்கும் ஒரு மோதிரம் தேடினார். ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறந்தது. "இன்னும் எங்க ஓட்டை இருக்கு, பாத்து சொல்லு மார்லிஸ்" என்று தாளை என் பக்கம் தள்ளுவார். நான் பார்த்துச் சொல்வேன். பயந்தவளுக்கு ஓட்டை நன்றாகத் தெரியும். ஆனால் அவருடைய நெஞ்சில் இருந்த நோயை மட்டும் நான் பார்க்கவில்லை. மருந்துக் கடையில் நிற்பவள் நான், பார்க்கவில்லையே. இதை எப்படிச் சொல்லி ஆறுவது?

ஆட்டத்துக்கு வெளியிலும் அவர் அப்படித்தான் நின்றார். ஒரு பிப்ரவரி மதியம் பனி கொட்டி, இந்தக் கடை வாசலில் காரை எடுக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தேன். கொட்டகைக்குப் போக வேண்டியவர் என் தெரு வழியாக வண்டியைத் திருப்பினார். "நான் முன்னாடி போறேன். ரோட்ட பாக்காத, என் பின்விளக்க மட்டும் பாத்து வா" என்றார். இங்கே அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் அந்த விளக்கைப் பார்த்து வீடு சேர்ந்திருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

இப்போது அந்தக் குவளை. ஆட்டத்தின் நடுவே யாராவது எழுந்து போனால், உருண்ட பகடையைப் பார்க்காமல் குவளையால் மூடிவிடுவோம். போனவர் திரும்பி வந்து உட்காரும் வரை தூக்கமாட்டோம். அது இந்த மேசையின் சட்டம். மூன்று வாரத்துக்கு முன், வடவாசலில் கல் அரக்கன் ஹல்வாரை நோக்கிக் கையை ஓங்கினான். ஹல்வாருக்கு மிச்சமிருந்த உயிர் ஆறு புள்ளி. அடி விழுந்தால் தீர்ந்தது. கர்ட் உருட்டினார். பகடை ஓடும்போதே எல்ராய் எழுந்தார்.

"கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன். மூடி வை."

"நானும் வரட்டுமா?" என்றேன்.

"உக்காரு. அடுத்தது உன் முறை."

உட்கார்ந்தேன். இருபது நிமிடம் உட்கார்ந்தே இருந்தேன். அவர் வண்டியில், கதவைச் சாத்திக்கொண்டு, நெஞ்சு நின்று, தனியாகப் போய்ச் சேர்ந்திருந்தார்.

குவளையை என்ன செய்வது என்று மூன்று வாரமாக எங்களுக்குள் சண்டை. "தூக்கவே வேணாம். மூடியிருக்கற வரைக்கும் அவர் நிக்கறாரு" என்றார் டூ. அர்லீன் அம்மையார் ஒரே வரியில் முடித்தார்: "ஒரு தெருவுல பனிய பாதி தள்ளிட்டு அவரு வீட்டுக்கு வந்ததே இல்ல." அப்படிச் சொல்லிவிட்டு எல்ராயின் தாள்களை என்னிடம் கொடுத்தார்.

அவையோரே, அந்தத் தாள்களை நான் இரண்டு முறை எண்ணினேன். பதினோரு ஆண்டுத் தாள்கள். ஒவ்வொன்றிலும் மூலையில் பென்சிலால் ஒரே சொல்: இடது. கேடயம் பிடித்தவர் அதைத் தன் இடப்பக்கம் இருப்பவருக்கு நீட்டலாம் என்று ஒரு விதி உண்டு. நீட்டினால் நான்கு எண் அவருக்குக் கூடும், நீட்டியவருக்குக் குறையும். அவருடைய இடப்பக்க நாற்காலியில் பதினோரு ஆண்டுகளாக இருந்தது யார்? ஜன்னல் பக்கம் எனக்குப் பிடிக்கும் என்பதால்தான் அந்த இடத்தைப் பிடித்து வைக்கிறார் என்று நினைத்தேன்.

ஆட்டத்தில் நான் எழுதி வைத்த மந்திரக்காரிக்கு ஒரு நீல மேலங்கி உண்டு. முதல் மாதம் ஒரு கிணற்றில் கிடைத்தது. "அதுக்கு நாலு ஏத்திக்க" என்று கர்ட் சொன்னார், ஏற்றிக்கொண்டேன். என் காப்பு எண் பதினெட்டு என்று ஊரெல்லாம் பீற்றினேன். எல்ராயிடமே பீற்றினேன். "உங்களுக்கு அவ்வளவு இரும்பு வேணும். எனக்கு இந்தத் துணி போதும்."

"நல்ல துணிதான்" என்பார்.

நேற்று கர்டிடம் அந்த மேலங்கியைப் பற்றிக் கேட்டேன். இந்தப் பெரிய மனிதர் தலை நிமிரவில்லை. "அது வெறும் துணி மார்லிஸ், அந்த நாலு அவர் கேடயத்தோடது. அவர்தான் அப்படி சொல்லச் சொன்னாரு. தெரிஞ்சா நீ வேணாம்னு சொல்லிடுவியாம், பயந்துட்டு வர்றதையே நிறுத்திடுவியாம்."

ஆக, நாம் வியந்த ஹல்வாரின் காப்பு எண் இருபத்தெட்டு ஒருநாளும் இருபத்தெட்டாக இருந்ததில்லை. இருபத்து நான்கோடு நின்றார். அந்தக் கடைசித் தாளிலும் இடது என்றுதான் இருக்கிறது. கல் அரக்கனின் பலம் ஒன்பது. பதினைந்து விழுந்திருந்தாலே ஹல்வார் போய்விடுவார். என் பயம் இப்போது உங்களுக்குப் புரிகிறதா?

ஆனால் விதிப் புத்தகத்தில் இன்னொரு வரி இருக்கிறது. பயந்தவர்கள்தான் அதையெல்லாம் படிப்போம். பகடை தெரிவதற்கு முன்னால், வாங்கியவர் கேடயத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். வாய் திறந்து, மேசை கேட்கச் சொல்ல வேண்டும்.

"குடுத்தா உன் எண் பதினாலு ஆயிடும்" என்று நேற்றே சொன்னார் கர்ட். "அடுத்த அடிக்கு அஞ்சு விழுந்தாலே போதும்."

தெரியும். எண்ணிப் பார்த்துவிட்டேன், இரண்டு முறை.

இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி ஏற்பது மரபு. அவர் விட்ட பணியைத் தொடர்வேன் என்று நானும் சொல்லலாம், சொல்வது சுலபம். அதனால் அந்த மேசைக்கே போகிறேன். அவருடைய நாற்காலியில் உட்காருகிறேன். ஓட்டுநர் நண்பர்களே, கொஞ்சம் வழி விடுங்கள். எல்ராய், இது உங்கள் கேடயம். பதினோரு ஆண்டு என்னிடம் இருந்தது எனக்குத் தெரியாது. திருப்பித் தருகிறேன். கர்ட், குவளையைத் தூக்குங்கள்.

பதினேழு.

பதினேழும் ஒன்பதும் இருபத்தாறு. காப்பு எண் இருபத்தெட்டு. அடி விழவில்லை. அர்லீன், அவருக்கு அடி விழவில்லை. வடவாசல் காவலர் நிற்கிறார்.

இனி என் முறை. கர்ட், பகடையைக் கையில் எடுங்கள். குவளை வேண்டாம், எல்லோரும் பார்க்கட்டும். எனக்கு இதைச் சத்தமாகச் சொல்லிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏய், இந்தப் பக்கம் திரும்பு. பக்கத்து ஊர் அரக்கன் உன்னைவிட நல்லா அடிப்பான்டா.