‘உடனடி’ என்ற சொல்

இந்தச் சட்டமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு உணவுக்கூடம் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் அங்கே கிடைக்கும் பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும் நன்றாக இருக்கும். ஊர் திரும்பும் முன் சாப்பிட்டுப் பாருங்கள்.

மசோதாக்களை வரைவது என் வேலை. உறுப்பினர்கள் மனதில் இருப்பதை நான் சட்டமொழியில் எழுதிக் கொடுப்பேன். இருபத்தாறு வருடத்தில் மாநிலத்தின் பாதிச் சட்டங்கள் என் மேசையைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. ஆல்டன் ப்ரூவிட் என்ற என் பெயர் எதன் அடியிலும் இருக்காது. அதில் எனக்கு வருத்தமில்லை.

நீங்கள் விசாரிக்க வந்திருப்பது கருக்கலைப்புத் தடை மசோதாவைப் பற்றி. அதைக் கொண்டுவந்தவர் குழுத்தலைவர் ராய்ஸ் டேக்கெட். மனிதர் நல்லவர். தேவாலயத்தில் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவார். ஜனவரியில் மசோதா குழுவுக்கு வந்தபோது கூடம் நிரம்பி வழிந்தது. இரண்டு தரப்பும் சட்டையில் வில்லை குத்திக்கொண்டு வந்திருந்தார்கள், ஒரு தரப்பு சிவப்பு, மறு தரப்பு வெள்ளை. நாற்பத்தொரு பேர் பேசினார்கள். அவர்களில் காரியமாகப் பேசியவர் ஒரே ஒருவர்தான், டாக்டர் நோரா விங்க்ளர். மாநிலத்தின் தென்கோடியில் பிரசவ மருத்துவர். நான்கு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“நான் உங்க மசோதாவைத் தோக்கடிக்க வரல. அது எப்படியும் ஜெயிக்கும்னு எனக்குத் தெரியும்,” என்றார் அவர். “தாயோட உயிருக்கு ஆபத்துன்னு டாக்டருக்குத் தோணினா செய்யலாம்னு ஒரு வரி போடுங்க. அது போதும். அவ சாகக் கிடக்கிற வரைக்கும் என்னைக் கைகட்டி நிக்க வச்சுடாதீங்க.”

டேக்கெட் சம்மதித்தார். அந்த வரியை எழுத டாக்டர் என் அறைக்கு வந்தார். எதிரே உட்கார்ந்து, ஐந்து மாதத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கினார். குழந்தை பிழைக்காது, ஆனால் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். காத்திருந்தால் தாய்க்குக் கிருமி ஏறும். ஏறத் தொடங்கிவிட்டால் சில மணி நேரம்தான்.

நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். உண்மையில் குறிப்பு எனக்குத் தேவைப்படவில்லை. இருபத்துமூன்று வருடத்துக்கு முன்பு என் மனைவி லொரெய்னுக்கு அதேதான் நடந்தது. ஒரு வயதான டாக்டர் யாரையும் கேட்காமல் அன்று மதியமே செய்து முடித்தார். தேவாலயத்தில் எல்லோரிடமும் கரு தானாகக் கலைந்துவிட்டது என்று சொன்னோம். அவர்கள் ஒரு வாரத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். இதை டாக்டர் விங்க்ளரிடம் நான் சொல்லவில்லை. வரைவுக்கு அது சம்பந்தமில்லாதது.

வரி நன்றாக அமைந்தது. கீழவையில் அதோடுதான் நிறைவேறியது. மேலவையில்தான் சிக்கல். மூன்று உறுப்பினர்கள் நடைவழியில் டேக்கெட்டை மடக்கினார்கள்.

“ராய்ஸ், அந்த டாக்டரம்மா வரி மாட்டு வண்டியே போற அளவுக்கு ஓட்டையா இருக்கு,” என்றார் ஒருவர். “தலைவலிச்சாலும் ஆபத்துன்னு எழுதிக் குடுப்பாங்க. இறுக்கிப் பிடிங்க, இல்லன்னா எங்க ஓட்டு இல்ல.”

டேக்கெட் என்னிடம் வந்தார். “டாக்டருக்கு வாக்கு குடுத்துட்டேன், ஆல்டன். இவங்களும் வேணும். என்ன செய்யறது?”

“நான் பாத்துக்கறேன்,” என்றேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. அதனால் அவர்மேல் பழி போடாதீர்கள்.

கூட்டத்தொடரின் கடைசி நாள் இரு அவைகளின் கூட்டுக்குழு கூடியது. ஒவ்வொரு மசோதாவுடனும் எழுத்துத் திருத்தங்கள் என்று ஒரு தாள் போகும். காற்புள்ளி, பிரிவு எண், விட்டுப்போன எழுத்து, இப்படிப் பதினான்கு இருந்தன. ஒன்பதாவதாக, ‘ஆபத்து’ என்பதற்கு முன் ‘உடனடி’ என்று சேர்த்தேன். அந்த மூன்று பேரிடமும் தாளைக் காட்டி ஒன்பதாவதை விரலால் தொட்டேன். தலையசைத்தார்கள். டேக்கெட் தாளைப் படிக்காமலே, “எழுத்துத் திருத்தங்கள், ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டார். யாருக்கும் இல்லை. குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அன்று மாலை கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள்.

ஒரு சட்டம் நிறைவேற வேண்டும் என்று பெரும்பான்மையோர் விரும்புகிறார்கள். ஒரு சொல் அதற்கான தடையை நீக்குகிறது. அந்தச் சொல்லைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதை நீங்கள் குற்றம் என்று சொல்லலாம். என் இடத்தில் இருக்கும் யாரும் அதைத் திறமை என்றுதான் சொல்வார்கள்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும், டாக்டர் விங்க்ளரின் மருத்துவமனை வக்கீல் தொலைபேசியில் அழைத்தார். மாரியல் ஓக்ஸ் என்று ஒரு பெண், இருபத்தொன்பது வயது. ஆரம்பப் பள்ளியில் இசை கற்றுக்கொடுக்கிறாள். ஐந்தாம் மாதம், பனிக்குடம் உடைந்துவிட்டது. குழந்தையின் இதயம் துடிக்கிறது. அவளுக்கு இன்னும் காய்ச்சல் இல்லை.

“உடனடின்னா என்ன அர்த்தத்துல எழுதினீங்க?” என்று வக்கீல் கேட்டார். “காய்ச்சல் வந்தாத்தான் உடனடியா, இல்ல இப்பவே உடனடியா? அவைக் குறிப்பு முழுக்கத் தேடிட்டேன். அந்த வார்த்தையைப் பத்தி ஒருத்தர்கூடப் பேசினதாவே இல்லையே?”

அந்தக் கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடிக்கவில்லை. “எழுத்துல கேளுங்க. எழுத்துலயே பதில் தர்றேன்,” என்றேன்.

ஏதோ சலசலப்பு கேட்டது. பிறகு டாக்டர் விங்க்ளரின் குரல் வந்தது. “ஆல்டன், நீங்களும் நானும் சேந்து எழுதின வரியில அந்த வார்த்தை இல்ல.”

“கடைசி நாள்ல நிறைய மாறிச்சு, டாக்டர்.”

“யாரு மாத்தினது? சரி, அது அப்புறம். இப்ப ஒரே வார்த்தை சொல்லுங்க. நான் செய்யலாமா, கூடாதா? தப்பாப் போனா எனக்குப் பதினஞ்சு வருஷம் ஜெயில். இங்க ஒரு நர்ஸும் கூட வர மாட்டேங்கறா.”

“நான் சட்ட ஆலோசனை சொல்ல முடியாது. உங்களுக்கே தெரியும்.”

“அவ ஐஸ் கட்டியை மென்னுகிட்டு உக்காந்திருக்கா, ஆல்டன். என்னைப் பாத்து சிரிக்கிறா. எனக்கு முகத்தை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல.”

“சீக்கிரம் எழுதி அனுப்பறேன்,” என்றேன்.

எழுதினேன். செவ்வாய் முழுக்க, புதன் முழுக்க. அவசரமாக எழுதினால் அந்தச் சொல் எப்படி வந்தது என்ற கேள்விக்கு வாசல் திறந்துவிடும். அதனால் ஒவ்வொரு வரியையும் நிறுத்தி யோசிக்க வேண்டியிருந்தது. வக்கீல் ஏழு முறை அழைத்ததாக என் உதவியாளர் எழுதிவைத்திருந்தாள். புதன் மாலை மாரியலுக்குக் காய்ச்சல் ஏறியது. அப்போது டாக்டர் செய்தார். காலம் கடந்துவிட்டது. வியாழன் காலை அவள் இறந்தாள். அன்று மதியம் என் கடிதம் போனது.

லொரெய்ன் செய்தித்தாளில் படித்தாள். சமையலறையில் நின்றபடியே கேட்டாள்.

“எனக்கு நடந்ததுதானே இந்தப் பொண்ணுக்கும்?”

“கிட்டத்தட்ட.”

“நீங்க எழுதின சட்டமா?”

“சட்டமன்றம் எழுதினது.”

“நான் சட்டமன்றத்தைக் கட்டிக்கல, ஆல்டன்.” சத்தம் போடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் தன் அக்கா வீட்டுக்குப் போனாள். இன்னும் வரவில்லை.

மாரியலின் கணவன் டிரென்ட் ஒருமுறை இங்கே வந்தான். தானியக் கிடங்கில் வேலை பார்ப்பவன், கைகள் பெரியவை. அடிப்பான் என்று நினைத்தேன். அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “உங்க கடுதாசியைப் படிச்சேன் சார். டாக்டர் காத்திருக்க வேண்டியதில்லைன்னு தெளிவா எழுதியிருக்கீங்க. அப்படின்னா அந்தம்மாதான் என் பொண்டாட்டியைச் சாகவிட்டாங்க, இல்லையா?” என்று கேட்டான்.

நான் மறுத்துச் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவனிடம் வாதாடுவது நாகரிகமில்லை.

அவன் அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் டாக்டர் விங்க்ளர்மேல் புகார் கொடுத்திருக்கிறான். அவருடைய உரிமத்தை நிறுத்திவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கடிதம் போனது வியாழக்கிழமை என்றாலும் அதன் தலைப்பில் செவ்வாய்க்கிழமைத் தேதிதான் இருக்கும். அந்தத் தேதியைப் போட்டதும் நான்தான். டாக்டர் கேட்ட அந்த நிமிடமே எனக்குப் பதில் தெரியும். அதனால் அந்தத் தேதியைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.