சிவப்புத் தட்டில் வைத்த நாற்பத்து மூன்று புட்டிகள்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கண் மருத்துவர் ஐயா அவர்களே, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இந்தக் கண் மருந்து நிலையத்தைத் தொடங்கி இன்று மாலையும் கழுத்துமாக வீற்றிருக்கும் முதலாளி அழகிரி ஐயா அவர்களே, திருவரங்கத்துப் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்கும் தாய்மார்களே, சோதனைக் கூடத்தில் என்னோடு உட்காரும் சகோதரிகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. எனக்கு மேடை பழக்கமில்லை. பார்த்துப் படிக்காமல் பேசவும் வராது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். என் அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் சம்மட்டி பிடிக்கிறவர். மேடை என்றால் பந்தல் போடுகிற வேலை என்றுதான் எங்கள் வீட்டில் தெரியும். நேற்று இரவு எழுதியதைப் படிக்கிறேன். படிப்பது தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் குரல் கேட்கவில்லை என்கிறார்கள். மைக் பக்கம் கிட்டப் போகிறேன். இப்போது கேட்கிறதா? நல்லது.

சூப்பர்வைசர் ரெங்கராஜ் சார் நிலையத்தின் வரலாறு என்று நான்கு பக்கம் தட்டச்சுச் செய்து கொடுத்தார். பி.எஸ்ஸி. படித்த பெண் படித்தால் நிலையத்துக்குப் பெருமை என்றார். அதில் மூன்று பக்கம் உண்மை. அந்த மூன்றையும் மகிழ்ச்சியோடு சொல்கிறேன். நான்காம் பக்கத்தில், இந்தப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு கண்ணும் நம் மருந்தால் கலங்கியதில்லை என்று இருக்கிறது. அதைப் படிக்க என் நாக்கு எழவில்லை. அந்தப் பக்கத்தில் வீரம்மாள் என்ற பெயரும் இல்லை. நான் பேச வந்தது அந்தப் பெயருக்காக.

எப்படித் தொடங்கியது இந்த நிலையம்? பாலக்கரையில் ஒரு சந்து. சந்துக்குள் ஒரு வீடு. வீட்டுக்குள் ஓர் அடுப்பு. அடுப்பின் மேல் இட்லிக் கொப்பரை. கொப்பரைக்குள் இட்லி இல்லை; கண்ணாடிப் புட்டிகள். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த அழகிரி ஐயா அந்தக் கொப்பரையில்தான் புட்டிகளை அவித்தார். காய்ச்சி வடித்த நீரில் துத்தநாகச் சொட்டு மருந்தைக் கலந்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு பொன்மலைக்குப் போனார். பட்டறையில் இரும்புத் தூள் பறந்து கண்ணில் விழாதவர் யார்? ஷிப்டு விடும் நேரத்தில் வாசலில் நின்று ஒவ்வொருவர் கண்ணிலும் தன் கையாலேயே சொட்டு விட்டார். அந்த வரிசையில் என் அப்பாவும் நின்றிருக்கிறார். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை.

பிறகு திருவரங்கத்தில் இந்தக் கட்டடம் வந்தது. களிம்பு வந்தது. சென்னைக்குப் போயிற்று, கடல் கடந்து கொழும்புக்கும் போயிற்று. கண்ணுக்கு மட்டுமே மருந்து. வேறு எதற்கும் கிடையாது. இருமலுக்கு ஒரு சிரப் போடுங்கள், நன்றாக ஓடும் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும் என்று ஐயா மறுத்தார். கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள். தட்ட வேண்டிய இடம்தான்.

அந்த நாளில் ஐயா ஒரு சட்டம் போட்டார். இருட்டறை, ஒரு விளக்கு, விளக்கின் முன்னே பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு பலகை. நிரப்பிய புட்டி ஒவ்வொன்றையும் ஒரு பெண் எடுத்து, சுழற்றி, கறுப்பில் ஒருமுறை, வெள்ளையில் ஒருமுறை பார்ப்பாள். தூசு தெரிந்தால் பக்கத்தில் இருக்கும் சிவப்புத் தட்டில் வைத்துவிடுவாள். சிவப்புத் தட்டுக்குப் போன புட்டியைத் திரும்ப எடுக்க எவருக்கும் உரிமை இல்லை, தனக்கும் இல்லை என்று ஐயா சொன்னார். சொன்னபடி நடந்தார். ஐம்பத்தொன்பதாம் ஆண்டில் கொழும்புக்குப் போக வேண்டிய ஒரு பேட்ச் முழுவதையும் ஒரு பெண் சிவப்புத் தட்டுக்குத் தள்ளினாள். கப்பல் காத்திருக்கிறது என்று எல்லோரும் பதறினார்கள். ஐயா தானே உட்கார்ந்து நூறு புட்டி பார்த்தார், எழுந்தார், அத்தனையையும் சாக்கடையில் ஊற்றச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அடுத்த தீபாவளிக்குச் சுங்குடிப் புடவை எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் பெண்தான் வீரம்மாள்.

சலசலப்பு கேட்கிறது. ரெங்கராஜ் சார், மைக்கைத் தொட வேண்டாம். ஐயாவைப் புகழ்ந்துதானே பேசிக்கொண்டிருக்கிறேன்?

இங்கே இருப்பவர்களுக்கு ஆயுத பூசையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சாமான்களைக் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். மறுநாள் விஜயதசமி. வைத்த பொட்டைத் துடைக்காமல் ஒரு பேட்சாவது ஓட்ட வேண்டும் என்பது நம் நிலையத்து வழக்கம். அந்த முதல் பேட்சை விற்பதில்லை. ஏழைகளுக்கு நடக்கும் கண் முகாமுக்குத் தர்மமாகக் கொடுத்துவிடுவோம். முதல் பேட்ச் என்பதால் அதில் கழிவு காட்டக் கூடாது என்பதும் வழக்கம். எழுதாத வழக்கம், எழுதிய சட்டத்தை விழுங்கிய வழக்கம்.

சென்ற விஜயதசமியன்று வடிகட்டிய மருந்து இருந்த பாத்திரத்தின் மூடியில் விரல் கனத்துக்குக் குங்குமம். ஈரக்கையால் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. மதியத்துக்குள் வீரம்மாள் அக்காவின் சிவப்புத் தட்டில் நாற்பத்து மூன்று புட்டிகள் நின்றன. என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இங்க கொஞ்சம் வாங்க. சிவப்பா ஏதோ ஆடுது பாருங்க, வெள்ளைப் பலகையில நல்லாத் தெரியுது."

பார்த்தேன். தெரிந்தது. பலகைக்கு முன் ஒரு துகள் மெதுவாகச் சுழன்று இறங்கியது. அதற்குள் ரெங்கராஜ் சார் வந்துவிட்டார்.

"அது அம்பாள் குங்குமம், வீரம்மா. நெத்தியில வெச்சா மட்டும் நல்லது, கண்ணுல பட்டா கெட்டதா?"

புட்டி பார்க்கும் வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: நானும் சிரித்தேன். வீரம்மாள் அக்கா சிரிக்கவில்லை. முதலாளி ஐயா வரட்டும் என்று தட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஐயா வந்தார். ஒரு புட்டியை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். ஐம்பத்தொன்பதில் பார்த்த அதே கண், அதே விளக்கு, அதே வீரம்மாள். வேறு என்ன மாறிப் போயிற்று?

"முதல் பேட்ச்லயே கழிச்சா வருசம் பூராவும் கழிவுதான் வரும். உள்ள போடுங்க."

இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுப் பூசைத் தட்டை வாங்கப் போனார். நாற்பத்து மூன்று புட்டிகளும் மற்றவற்றோடு கலந்தன. அன்று மாலை சோதனைத் தாள் என் மேசைக்கு வந்தது. 'தெளிவாக உள்ளது, துகள் இல்லை' என்று அச்சிட்டிருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். கல்லூரியில் பயின்று பழகிய அழகான கையெழுத்து. யாரும் என் கையைப் பிடித்து இழுத்துப் போட வைக்கவில்லை.

அந்தப் பேட்ச் வையம்பட்டிக் கண் முகாமுக்குப் போனது. புரை எடுத்தவர்களில் ஆறு பேருக்குக் கண் வீங்கியது. ஐந்து பேர் தேறினார்கள். அடைக்கலம் என்ற விவசாயிக்கு வலது கண் போய்விட்டது. மருந்துத் துறை அதிகாரி விசாரிக்க வந்ததும் நிலையம் என்ன எழுதிக் கொடுத்தது? புட்டி பார்க்கும் வீரம்மாளுக்குக் கண் மங்கிவிட்டது, கவனமும் போதாது, அவரை நீக்கிவிட்டோம் என்று எழுதிக் கொடுத்தது. சிவப்புத் தட்டின் கணக்கை அவர் சாக்கட்டியால் ஒரு சிலேட்டுப் பலகையில் கோடு போட்டுத்தான் வைப்பார். எழுதப் படிக்கத் தெரியாது. பலகையை மாலையில் ஈரத்துணியால் துடைத்துவிடுவார்கள். அவர் சொல்லுக்கு ஆதாரம் இல்லை.

கண் மங்கியவர் என்கிறீர்களே, இன்று அவர் என்ன வேலை பார்க்கிறார் தெரியுமா? பாலக்கரை அரிசி மண்டியில் கல் பொறுக்குகிறார். அரிசியில் கல் பார்க்கப் போதுமான கண், மருந்தில் குங்குமம் பார்க்கப் போதவில்லையா? அவர் பார்த்ததால் வந்த வினையா இது, பார்த்தவரை நாம் பார்க்க மறுத்ததால் வந்த வினையா?

தலைவர் ஐயா மணி அடிக்கிறார். இன்னும் இரண்டு நிமிடம் கொடுங்கள் ஐயா. இனி ஒரு மேடையில் என்னை யாரும் ஏற்றப் போவதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வையம்பட்டிக்குப் போனேன். அடைக்கலம் என்னை உட்காரச் சொன்னார். மோர் கொடுக்கச் சொன்னார். நான் எந்த நிலையத்திலிருந்து வருகிறேன் என்று தெரிந்த பிறகும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன்.

"மருந்து நல்ல மருந்துதாம்மா. எனக்குத்தான் குடுத்து வைக்கல. பாட்டில்ல பாதி இருக்கு பாருங்க, அடுத்த மாசம் இடது கண்ணு ஆப்ரேசனாம். அதுக்குன்னு பத்திரமா வெச்சிருக்கேன்."

மாடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் நம் புட்டி இருந்தது. நம் பெயர் ஒட்டிய புட்டி. வேறு நல்ல மருந்து கொடுக்கிறேன் என்று மன்றாடி அதை வாங்கி வந்தேன். இதோ என் கையில் இருக்கிறது. முன் வரிசையில் இருப்பவர்கள் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். அழகிரி ஐயா, நீங்களும் பாருங்கள். உங்களுக்குப் பார்க்கத் தெரியும். எங்களுக்கெல்லாம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்.

உங்களை அவமானப்படுத்த நான் வரவில்லை ஐயா. என் அப்பா கண்ணில் சொட்டு விட்ட கை உங்கள் கை. ஆனால் அந்தக் கையால், வீரம்மாள் அக்காமேல் பழி போட்டு அதிகாரிக்குக் கொடுத்த கடிதத்திலும் கையெழுத்துப் போட்டீர்களே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? என் கையெழுத்து அதற்குச் சற்றும் குறைந்ததில்லை. உங்களுக்கு வழக்கம் பெரிதாக இருந்தது. எனக்கு உத்தியோகம் பெரிதாக இருந்தது. வீரம்மாள் அக்கா ஒருவருக்குத்தான் புட்டிக்குள் இருந்தது பெரிதாக இருந்தது.

இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் பெரியோருக்கும், பிள்ளை அழுதும் எழுந்து போகாத தாய்மார்களுக்கும் நன்றி. கோபமாக இருக்கும் ரெங்கராஜ் சாருக்கும் நன்றி. மைக்கை அணைக்காமல் இருந்தீர்கள். எல்லோருக்கும் என் வணக்கம்.

போகுமுன் ஒன்று கேட்க வேண்டும். தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. இது முதலாளிக்கு அல்ல, தலைவருக்கும் அல்ல. மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, உங்களிடம். அன்று புட்டி பார்க்கும் வரிசையில் ஏழு பேர் இருந்தோம், எல்லோரும் பார்த்தோம். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி அறிக்கையை முடிக்கிறார். அதில் தவறு செய்தவர் என்று வீரம்மாள் அக்கா பெயர் ஏறிவிட்டால் பிறகு எடுக்க முடியாது. நான் இந்தப் புட்டியோடு போகிறேன். நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லப் போகிறேன். ஆனால் எனக்குப் பெரிய ஆபீசுகளுக்குத் தனியாகப் போய்ப் பழக்கமில்லை, பயமாக இருக்கிறது. உங்களில் ஒருவராவது என்னோடு வாருங்கள்.